80,000 ரூபாயில் எடிட்டிங் கணினி: ‘எஃப்’ போட்டதா, போடாததா?

2024 வைகாசி முடிந்தபோது மூன்று கல்யாண வீடியோக்கள் என் கையில் முடிக்காமல் கிடந்தன. படம் பிடிப்பது அத்தை மகன், வெட்டி ஒட்டுவது நான், இதுதான் எங்கள் ஏற்பாடு. எனக்கு இது முழுநேரத் தொழில் கிடையாது, கும்பகோணத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்து செய்வது. அதுவரை அவன் வைத்திருந்த கேமரா நிற நுணுக்கம் குறைந்த 8 பிட்டில்தான் எடுக்கும் என்பதால் என் பழைய லேப்டாப் (எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம்) முக்கி முனகி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடம் அவன் கேனன் ஆர்6 வாங்கிவிட்டான். 4கே, 10 பிட், 4:2:2, எச்.265. தாலி கட்டும் காட்சியை டைம்லைனில் வைத்து ப்ளே கொடுத்தால் கெட்டிமேளம் கேட்கும், மாப்பிள்ளையின் கை அப்படியே உறைந்து நிற்கும், மூன்று முடிச்சும் சத்தத்திலேயே முடிந்த பிறகு படம் ஒரு குதி குதித்து அட்சதை விழுகிற இடத்துக்கு வந்து நிற்கும்.

பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் தரம் குறைத்த இலகுவான நகல், போட்டு ஓட்டலாம்தான், போட்டும் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்குப் பிராக்ஸி தயாராக ராத்திரி முழுக்க லேப்டாப் ஓடியது, காலையில் பார்த்தால் பாதியில் நின்றுபோயிருந்தது. சரி, இனி இதில் மல்லுக்கட்டி பிரயோஜனமில்லை என்று பாகம் பாகமாக வாங்கிக் கணினி சேர்ப்பதாக முடிவு செய்தேன். மானிட்டரையும் சேர்த்து 80,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. விளையாட்டும் ஓட வேண்டும் என்பது என் சொந்த ஆசை. வீட்டில் சொன்ன காரணத்தில் அது இல்லை.

யாரைக் கேட்டாலும் முதல் பதில் ஒன்றாகவே இருந்தது: ‘ஐ5-12400 எஃப் எடு, தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடத்தானே போகிறாய்.’ இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதற்குள் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். மற்றபடி அதே ஆறு கோர், அதே பன்னிரண்டு த்ரெட். நான் விசாரித்தபோது எஃப் இல்லாததைவிட எஃப் 2,800 ரூபாய் குறைவு. விளையாட மட்டும் வாங்குகிறவருக்கு இது சரியான யோசனைதான், அவர்கள் தாராளமாக எஃப் எடுக்கலாம், ஏஎம்டியின் ரைசன் 5 5600 எடுத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நானும் அதையே வாங்கியிருப்பேன். ஆனால் என் லேப்டாப் ஏன் திணறுகிறது என்பதை மட்டும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் டிஸ்க் வேகம்தான் காரணம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஆர்6 இந்த ரகத்தில் 25 பிரேமில் எடுக்கும்போது நொடிக்கு 170 மெகாபிட், அதாவது 21 எம்பிதான். மணிக்கு 76 ஜிபி என்று கேட்டால் மலைப்பாக இருக்கிறதே தவிர, ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்கே நொடிக்கு 150 எம்பி படிக்கும். திணறல் படிப்பதில் இல்லை, அவிழ்ப்பதில் இருக்கிறது. எச்.265 கோப்பு என்பது இறுக்கிச் சுருட்டிக் கட்டிய படுக்கை மாதிரி, ஒவ்வொரு பிரேமையும் பிரித்துத்தான் காட்ட வேண்டும். பிரித்துக் கொடுக்கத் தனி வன்பொருள் இருந்தால் நொடியில் நடக்கும், இல்லையென்றால் பிராசசர் கோர்கள்தான் மாங்கு மாங்கென்று பிரிக்க வேண்டும்.

இங்கேதான் 4:2:2 வருகிறது. செல்போனும் பெரும்பாலான சின்ன கேமராக்களும் எடுப்பது 4:2:0, நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும். 4:2:2 அகலத்தில் மட்டும் பாதியாக்கும், அதனால் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பைக் கொஞ்சம் இழுத்துத் திருத்தினாலும் தாங்கும். ஆனால் நான் வாங்க நினைத்திருந்த என்விடியா கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, அதற்கு அடுத்த 4060 இரண்டிலுமே 4:2:2 எச்.265 கோப்பைப் பிரிக்கும் வன்பொருள் கிடையாது. என்விடியா அதை 2025இல் 50 வரிசையில்தான் கொண்டுவந்தது. எஃப் இல்லாத 12400இன் உள்ளமைந்த கிராபிக்ஸில் இருக்கிற குயிக் சிங்க் என்ற வீடியோ வன்பொருள் அதைச் செய்யும். யாருமே வேண்டாம் என்று ஒதுக்குகிற அந்த இத்துனூண்டு கிராபிக்ஸ்தான் எனக்கு வேண்டிய சாமான்! 25,000 ரூபாய் கார்டு செய்யாத வேலையை 2,800 ரூபாய் வித்தியாசம் செய்கிறது என்று புரிந்தபோது இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஆடி பிறந்தது, முகூர்த்தம் கிடையாது, கையில் நேரமும் இருந்தது. உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை எழும்பூரில் இறங்கினேன். ரிச்சி தெருவில் கடை திறக்கப் பத்து மணிக்கு மேல் ஆகும் என்று தெரிந்தும் சீக்கிரமே போய் நின்றுகொண்டு இரண்டு டீ குடித்தேன். ரிச்சி தெரு என்று சொல்கிறோமே தவிர நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எலக்ட்ரானிக்ஸ் சந்தை, ஒரே பொருளுக்கு நாலு கடையில் நாலு விலை. மூன்று கடையில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு நாலாவது கடையில் பேரம் பேசினேன்.

“தம்பி, கார்டு போடுறீங்கல்ல, அப்புறம் எதுக்கு எஃப் இல்லாதது? வீணா காசு போடுறீங்க” என்றார் கடைக்காரர்.

“எடிட்டிங்குக்கு வேணும்ணே. குயிக் சிங்க்.”

“எடிட்டிங்குக்கும் நாங்க எல்லாருக்கும் எஃப்தான் தர்றோம்.”

அவர் சொன்னது பொய்யாக இருக்காது. ‘இருக்கட்டும்ணே, எனக்கு இதுவே கொடுங்க’ என்றதும் உள்ளே தேடிப்போய் ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

பிராசசர் 14,200. மதர்போர்டு பி660எம், டிடிஆர்4 ரகம், 9,300. எச்610 போட்டிருந்தால் 3,000 மிச்சமாகியிருக்கும், ஆனால் அதில் ரேமுக்கு இரண்டே இடம், எனக்குப் பின்னால் 64 ஜிபிக்குப் போகிற எண்ணம் இருந்தது. ரேம் 16 ஜிபி இரண்டு, 5,900. (இன்று ரேம் விற்கிற விலையில் இந்த பில்லைக் காட்டினால் ஆட்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.) என்விஎம்இ எஸ்எஸ்டி 1 டிபி ஒன்று 5,600, கேஷ் கோப்புகளுக்காக (எடிட்டிங் மென்பொருள் தற்காலிகமாக எழுதி வைப்பவை) 500 ஜிபி இன்னொன்று 3,100. நொடிக்கு 7,000 எம்பி என்று விளம்பரம் செய்கிற எஸ்எஸ்டியின் பக்கமே போகவில்லை, மேலே போட்ட 21 எம்பி கணக்குதான் காரணம். கேபினட் 3,600, முன்பக்கம் கம்பிவலை இருக்கிறதாகப் பார்த்து எடுத்தேன். கண்ணாடி போட்டு விளக்கு எரிகிற கேபினட் அழகுதான், ஆனால் ஏசி இல்லாத அறையில் அக்னி நட்சத்திரத்தின்போது அதற்குள் காற்று எங்கிருந்து போகும்?

கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, 24,800. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இதே பெயரில் 8 ஜிபி ஒன்றும் உண்டு, அதில் நினைவகத்துக்கான பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகிவிடும், வேகமும் குறையும். பெட்டியின் ஓரத்தில் இருக்கிற எண்ணைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். 4060 கொஞ்சம் கூடுதல் விலை, 115 வாட் போதும், 3060க்கு 170 வாட் வேண்டும். மின்சாரத்தையும் சூட்டையும் பார்த்தால் 4060தான் நல்லது. ஆனால் அதில் நினைவகம் 8 ஜிபிதான், 4கே டைம்லைனில் நிறத்திருத்தமும் இரைச்சல் நீக்கமும் போடுகிறபோது 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் நான் 12 ஜிபி பக்கம் சாய்ந்தேன்.

கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் விஷயத்தில்தான் கடைக்காரருக்கும் எனக்கும் கொஞ்சம் உரசல். கேபினட்டோடு சேர்த்து 900 ரூபாய்க்கு ஒன்று தருகிறேன், 450 வாட் என்றார். வாங்கி லேபிளைத் திருப்பினேன். 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று அதிலேயே எழுதியிருந்தது. பெருக்கினால் 216 வாட். பிராசசர் முழு வேகத்தில் 117 வாட் இழுக்கும், கார்டு 170, இரண்டுமே 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. “அண்ணே, இது என் வீட்டு மிக்சிக்குக்கூடப் பத்தாது” என்றேன், சிரித்துவிட்டார். கடைசியில் எடுத்தது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச்சான்று), 4,300. எல்லாம் சேர்த்து ஜிஎஸ்டி பில்லோடு 70,800. பெட்டிகளோடு ரயிலில் வந்ததைத் தனியாக எழுத வேண்டும், கேபினட்டை மேல் பெர்த்தில் படுக்க வைத்துவிட்டு நான் உட்கார்ந்து வந்தேன். மானிட்டர் ஊரிலேயே 8,900க்கு வாங்கினேன், 24 அங்குலம், ஐபிஎஸ். ஆக 79,700, மிச்சம் 300 ரூபாய்.

சேர்க்கிற வேலை ஒரு சனிக்கிழமை ராத்திரி. பிராசசரைக் குழியில் வைத்து அந்தக் கம்பியைக் கீழே அழுத்துகிறபோது ‘நற நற’ என்று ஒரு சத்தம் வருமே, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் 14,200 ரூபாய் நொறுங்குகிறது என்றே நினைத்தேன். அது அப்படித்தானாம், நல்ல அழுத்தம் கொடுக்க வேண்டும், மேலே இருக்கிற கறுப்பு மூடி தானாகத் தெறித்து விழும். அடுத்தது எஸ்எஸ்டியைப் பிடிக்கிற திருகாணி. மூக்குத்தித் திருகாணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கை நழுவித் தரையில் விழுந்ததைத் தேட அம்மாவும் டார்ச் லைட்டோடு வந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து அது என் லுங்கி மடிப்பில் இருந்தது.

கணினி முதல் தடவையே எழுந்தது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியரைப் போட்டு அதே தாலி கட்டும் காட்சியை ஓட்டினேன். உறைந்து நின்றது! 80,000 ரூபாய் போட்டும் மாப்பிள்ளை கை நகரவில்லை. வயிற்றைக் கலக்கியது. கடைக்காரர் முகம் வேறு கண்முன் வந்துபோனது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அதில் என்விடியா மட்டும்தான் இருக்கிறது, இன்டெல் கிராபிக்ஸையே காணோம். தனிக் கார்டு செருகியிருந்தால் பல மதர்போர்டுகள் உள்ளமைந்த கிராபிக்ஸை அணைத்துவிடுமாம். பயோஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் மல்டி மானிட்டர் என்று முடிகிற ஒரு வரியைத் தேடி அதை இயக்கினேன், அங்கேயே ரேம் 2666இல் ஓடுவதைப் பார்த்து ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டு 3200க்கு ஏற்றினேன். விண்டோஸில் இன்டெல் டிரைவரை நிறுவி, பிரீமியரின் விருப்பங்களில் மீடியா பகுதியில் வன்பொருள் டிகோடிங்குக்கு இன்டெல்லைத் தேர்ந்து, மூடித் திறந்தேன். மூன்று முடிச்சும் ஒவ்வொன்றாக, நிதானமாக, நாதஸ்வரத்துக்குச் சரியாக விழுந்தன. பிராசசர் 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த ராத்திரி பிராக்ஸி கோப்புறையை மொத்தமாக அழித்தேன்.

விளையாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலரண்ட், ஜிடிஏ 5 இரண்டும் 1080பியில் வெண்ணெய் மாதிரி ஓடின, ஒரு மாதம். அப்புறம் மேசையை ஜன்னல் பக்கம் மாற்றினேன், மறுநாளிலிருந்து ஜிடிஏ நொண்ட ஆரம்பித்தது. டிரைவரை மாற்றினேன், விண்டோஸை மறுபடி நிறுவினேன், கார்டு போய்விட்டதோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் தம்பி பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணா, எச்டிஎம்ஐயை மதர்போர்டுல சொருகியிருக்க” என்றான். உள்ளமைந்த கிராபிக்ஸை நானே இயக்கி வைத்திருந்ததால் அந்த ஓட்டையிலும் படம் வந்துவிட்டது, சந்தேகமே வரவில்லை. எஃப் பிராசசராக இருந்தால் திரை கறுப்பாகவே இருந்து அப்போதே காட்டிக் கொடுத்திருக்கும்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது யுபிஎஸ். பழைய 600 விஏ ஒன்று இருந்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். 600 விஏ என்றால் 360 வாட் அளவுக்குத்தான் தரும், எக்ஸ்போர்ட் (வெட்டி முடித்த படத்தை ஒரே கோப்பாக எழுதுவது) ஓடும்போது கரண்ட் போனால் ஒரு ‘கீ’ சத்தத்தோடு அதுவும் சேர்ந்து போய்விடும். ஐப்பசி மழையில் இரண்டு தடவை ஒரு மணி நேரப் படம் 80 சதவீதத்தில் போனது. 1 கேவிஏ வாங்கியதும் பட்ஜெட் உடைந்தது.

இப்போது ஒன்றரை வருடமாகிறது. மே மாதத்தில் 4கே எக்ஸ்போர்ட்டில் பிராசசர் 80 டிகிரியைத் தொட்டது, பிராசசர் பெட்டியோடு வந்த விசிறிதான் இன்னும் ஓடுகிறது. முன்பக்கக் கம்பிவலையை மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுகிறேன். 64 ஜிபி ஆசையை ரேம் விலை இறங்கும்வரை தள்ளிப் போட்டாயிற்று. 1 டிபி எஸ்எஸ்டி ஒரு கல்யாணத்துக்கே திணறுகிறது, முடிந்ததையெல்லாம் பழைய ஹார்டு டிஸ்க்குக்குத் தள்ளுகிறேன். தை முகூர்த்தத்துக்கு ஐந்து புக்கிங் வந்திருக்கிறது. அத்தை மகன் தனக்கும் இதே மாதிரி ஒன்று சேர்க்க நேற்று ரிச்சி தெருவுக்குப் போனான், கடையிலிருந்தே போன் செய்தான்: “மாமா, எஃப் போட்டது விலை கம்மியா இருக்காம், அதையே எடுக்கச் சொல்றாரு, என்ன சொல்ல?”