சாம்பிராணி போடாத வீடு

எங்கள் மகள் 30ஆவது வாரத்தில், 1,300 கிராம் எடையுடன் கோயம்புத்தூரில் பிறந்தாள். மூச்சு விடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள், ஏறத்தாழ 34, 35ஆவது வாரத்தில்தான் போதிய அளவு சுரக்கிறது. அது இல்லாத நுரையீரலுக்கு ஒவ்வொரு மூச்சும், சுருங்கிப்போன பையை முதலிலிருந்து ஊதுவதைப் போன்ற பாடு. அவளுக்கு மூக்கு விடைத்தது. விலா எலும்புகளுக்கிடையே தோல் குழிந்தது. மூச்சை விடும்போதெல்லாம் மெல்ல முனகினாள். இன்குபேட்டருக்கு வெளியே நின்ற நான் அதைப் பசி என்று எண்ணினேன். நுண்ணறைகள் முழுதும் சுருங்கிவிடாமலிருக்க உடல் தானாகச் செய்துகொள்ளும் வழி அது என்று செவிலியர் விளக்கியபோது, இத்தனை சிறிய உடல் இப்படிப் போராடுகிறதே என்று அழுதுவிட்டேன்.

சர்ஃபாக்டன்ட்டைக் குழாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினார்கள். பிறகு, மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் தந்து நுண்ணறைகளைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி. மூச்சு இடையிடையே நின்றுபோவதைத் தடுக்கக் காஃபின். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இதே நோயால் இரண்டு நாள் நிறைவதற்குள் இறந்தபோது சர்ஃபாக்டன்ட் மருந்தாகக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் கோத்தகிரி. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, ஆக்ஸிஜன் உதவியின்றி அவள் நன்கு தேறும்வரை மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் தங்கிய பிறகே மலையேறினோம். இரவில் மூடுபனி இறங்கினால் மலைப்பாதையில் வண்டி ஊர்ந்துதான் போகும் என்பதால், அவள் அமைதியாகத் தூங்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கிளம்ப விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என முடிவு செய்திருந்தோம்.

புகையைப் பற்றித்தான் வீட்டில் பேச வேண்டியிருந்தது. குளிருக்குக் கும்முட்டியில் கரி மூட்டி அறையில் வைப்பதும், குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவதும் இங்கே காலங்காலமான பழக்கம். இந்த நுரையீரலுக்கு இரண்டுமே ஆகாது. மூடிய அறையில் எரியும் கரி யாருக்குமே ஆபத்து. நான்கு பிள்ளைகளைச் சாம்பிராணி காட்டி வளர்த்த அத்தையிடம் அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் குளிப்பாட்டியதும் தலையை நன்கு துவட்டி, குழந்தையைத் தம் நெஞ்சோடு அணைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று முதல் கும்முட்டி கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது.