ஓடிய ராஜாவும் தங்கிய ராஜாவும்

எனக்கு ராஜா ராணிகள் மேல் பெரிய மரியாதை கிடையாது. பிறப்பால் வரும் பதவி என்றாலே எரிச்சல்தான். ஆனாலும் இரண்டாம் உலகப் போர் பற்றி எதை எடுத்தாலும் இந்த மன்னர்களிடம்தான் போய் நிற்கிறேன். கையெழுத்துப் போடுவதும் கையசைப்பதுமே வேலை என்றிருந்தவர்கள் அவர்கள். 1940-இல் திடீரென்று நிஜமான முடிவு ஒன்றை எடுத்தே ஆக வேண்டி வந்தது. இருப்பதா, கிளம்புவதா?

புறமுதுகு காட்டக் கூடாது என்று கேட்டே வளர்ந்த நமக்கு விடை சுலபம். தங்கினவன் வீரன், ஓடினவன் கோழை. என் நண்பர் ஒருவர் இன்றுவரை இதைத்தான் சாதிக்கிறார். நடந்ததைப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஒரே நாளில் நுழைந்தது. இரண்டு நாட்டு மன்னர்களும் கூடப்பிறந்தவர்கள். அண்ணன் பத்தாம் கிறிஸ்டியன் டென்மார்க்கில். தம்பி ஏழாம் ஹோகோன் நார்வேயில். மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினால்தான் வருவேன் என்று சொல்லி 1905-இல் அரியணை ஏறியவர்.

அண்ணனின் நாடு சில மணி நேரத்தில் பணிந்தது. அவர் அரசாங்கத்தோடு கோபன்ஹேகனிலேயே இருந்தார். காவலர் யாருமில்லாமல் குதிரையில் ஊரைச் சுற்றி வந்தார். 1942-இல் அவர் பிறந்தநாளுக்கு ஹிட்லர் நீளமாக ஒரு வாழ்த்துத் தந்தி அனுப்ப, ஒற்றை வரியில் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார். ஹிட்லர் கொதித்துப்போய்த் தன் தூதரையே திரும்ப அழைத்துக்கொண்டார். (யூதர்களுக்காக மன்னரே மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது பொய். டென்மார்க்கில் அந்த உத்தரவே போடப்படவில்லை. 1943-இல் 7,000-க்கும் அதிகமான யூதர்களைப் படகேற்றி ஸ்வீடனில் சேர்த்தது சாதாரண ஜனங்கள். அந்தப் பெருமையை அரண்மனைக் கணக்கில் எழுதுவது அநியாயம்.)

தம்பிக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. ப்ளூஷர் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை ஓஸ்லோவுக்குப் போகும் கடல்வழியில் பழைய கோட்டை ஒன்று மூழ்கடித்துவிட்டது. அந்த இடைவெளியில் மன்னர், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோரும் ரயிலேறினார்கள். மறுநாள் எல்வெரும் என்ற ஊரில் ஜெர்மன் தூதர் வந்து, குவிஸ்லிங்கைப் பிரதமர் ஆக்குங்கள் என்றார். 1936 தேர்தலில் ஒரு இடம்கூட ஜெயிக்காத கட்சியின் தலைவர் இந்தக் குவிஸ்லிங்.

அதற்குப் பிறகு ஹோகோன் செய்ததுதான் என்னை அசத்துகிறது. அவர் அமைச்சர்களுக்கு உத்தரவு போடவில்லை. முடிவு உங்களுடையது, ஆனால் மக்களின் நம்பிக்கை இல்லாத ஒருவரை என்னால் நியமிக்க முடியாது, நீங்கள் ஒப்புக்கொண்டால் நான் முடிதுறந்துவிடுகிறேன் என்றார். அமைச்சர்கள் மன்னர் பக்கம் நின்றார்கள். அடுத்த நாளே அவர்கள் இருந்த நீபெர்க்சுண்ட் மீது குண்டு விழுந்தது. மன்னரும் பட்டத்து இளவரசரும் காட்டுக்குள் ஓடிப் பதுங்கினார்கள். ஜூன் 7 அன்று டிரோம்சோவிலிருந்து பிரிட்டிஷ் கப்பலேறி லண்டன் போனார்கள். சில வாரங்களில், ஜெர்மன் நெருக்கடியில் சிக்கிய நாடாளுமன்றத் தலைமையே அவரைப் பதவி விலகச் சொன்னது. சுதந்திரமாக எடுக்காத முடிவு செல்லாது என்று மறுத்துவிட்டார். அப்புறம் நார்வேக்காரர்கள் சுவரிலும் பனியிலும் அவருடைய முத்திரையான எச் 7-ஐக் கிறுக்கத் தொடங்கினார்கள். ஓடிப்போனவரின் பெயரை யாராவது அப்படிக் கிறுக்குவார்களா?

நெதர்லாந்தின் ராணி வில்ஹெல்மினாவும் லண்டன் போனவர்தான். சமாதானம் பேசலாம் என்ற தன் பிரதமரையே வெளியேற்றிவிட்டு, ரேடியோவில் நாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

சரி, தங்கியவர் யார்? பெல்ஜியத்தின் மூன்றாம் லியோபோல்ட். 1940 மே 25 அன்று வைனென்டாலே கோட்டையில் அமைச்சர்கள் எங்களோடு வந்துவிடுங்கள் என்று மன்றாடினார்கள். நான் படைத்தளபதி, என் வீரர்களோடுதான் இருப்பேன் என்று மறுத்தார். மே 28 அன்று சரணடைந்தார். காகிதத்தில் பார்த்தால் நண்பர் கேட்கும் வீரன் இவர்தான். ஆனால் வீரர்கள் ஜெர்மன் முகாம்களுக்குப் போனார்கள், இவர் லாக்கன் அரண்மனைக்குப் போனார். அந்த நவம்பரில் ஹிட்லரைப் போய்ச் சந்தித்தார். போர்க்கைதிகளுக்காகவும் உணவுக்காகவும் பேசினாராம், இருக்கட்டும். 1941-இல் மறுமணம் செய்துகொண்டார். புருஷன் முகாமில் கிடக்க ரேஷனில் காலம் தள்ளிய பெண்ணுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்!

1944-இல் ஜெர்மானியர்கள் அவரை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த பிறகும் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1950 வாக்கெடுப்பில் 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வந்தது. ஆனால் வாக்குகள் பிளந்து கிடந்தன: டச்சு பேசும் வடபகுதியான பிளாண்டர்ஸ் வா என்றது, பிரெஞ்சு பேசும் தென்பகுதியான வலோனியா வராதே என்றது. வந்ததும் வேலைநிறுத்தம், துப்பாக்கிச்சூடு, சாவு. மறுவருடம் மகன் போதுவானிடம் அரியணையைக் கொடுத்துவிட்டு விலகினார்.

அண்ணன் தங்கினார், தம்பி கிளம்பினார், இருவரையும் மக்கள் கொண்டாடினார்கள். இருவருமே தங்கள் அமைச்சர்களை விட்டுத் தனியே போகவில்லை. லியோபோல்ட் தன் அமைச்சர்களை விட்டுப் பிரிந்தார். தன் மானமும் நாட்டின் முடிவும் ஒன்றே என்று நினைத்துவிட்டார் என்பது என் கட்சி.

இத்தாலியைக் காட்டி நண்பர் என்னை மடக்குவார். ஜெர்மனியின் கூட்டாளியாக இருந்த இத்தாலி நேச நாடுகளிடம் பணிந்த செய்தி வெளியான மறுநாள், 1943 செப்டம்பர் 9 அன்று, அதன் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் பிரதமர் படோக்லியோவையும் கூட்டிக்கொண்டுதானே ரோமை விட்டுப் போனார்? போனார், படைக்கு ஒரு தெளிவான உத்தரவுகூட இல்லாமல். லட்சக்கணக்கான இத்தாலியச் சிப்பாய்களை ஜெர்மானியர்கள் வாரிக்கொண்டு போனார்கள். அதற்கு முன் இருபது வருடங்கள் முசோலினி நீட்டியதில் எல்லாம் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். 1946 மே மாதம், வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மகனை அரியணையில் உட்காரவைத்துத் தப்பப் பார்த்தார். ஜூன் 2 அன்று சுமார் 54 சதவீதம் பேர் குடியரசுக்கு வாக்களித்தார்கள். புதிய அரசியலமைப்பு அந்தக் குடும்பத்தின் ஆண் வாரிசுகள் நாட்டுக்குள் கால் வைக்கவே தடை போட்டது. அது நீங்கியது 2002-இல். பேரன்கள் வரை தண்டித்தது அதிகம் என்பார் நண்பர். அதில் மட்டும் அவரோடு நான் சண்டை போடுவதில்லை.