தீர்ப்பு ஒருவர், வாரண்ட் இன்னொருவர்

தீர்ப்பு வாசித்து முடித்ததும் கோர்ட்டில் கூட்டம் கலைந்துவிடும், ஆனால் பெஞ்ச் கிளார்க்குக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். 'இரண்டு வருடம் கடுங்காவல்' என்று நடுவர் சொன்னதை மட்டும் நம்பி எந்தச் சிறையும் ஆளை உள்ளே எடுக்காது. ஆளைச் சிறையில் வைக்கச் சொல்லும் எழுத்து உத்தரவான தண்டனை வாரண்ட் வேண்டும், அதில் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் வேண்டும். அன்று கோர்ட் கலையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனை என்றால் மட்டும் இந்தப் பாடு கிடையாது.

யார் கையெழுத்துப் போடலாம் என்பதைச் சட்டம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 425, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 465. தண்டனை விதித்த நீதிபதியோ நடுவரோ போடலாம், அல்லது அதே பதவிக்கு அவருக்குப் பின் வந்தவர் போடலாம். படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும்.

ஒரு மோசடி வழக்கு. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, செஷன்ஸில் அப்பீல், ஹைகோர்ட்டில் ரிவிஷன் என்று போய் எல்லாம் தள்ளுபடியாகி ஆள் சரண்டர் ஆக வந்தபோது, தீர்ப்பு எழுதிய நடுவர் மாறுதலாகிப் போயே வருடக்கணக்காகிவிட்டது. புதிதாக வந்திருந்த நடுவர் அம்மா அந்த ஆளை முன்னே பின்னே பார்த்தது கிடையாது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும், ஆனாலும் வழக்குக் கட்டை வாங்கித் தீர்ப்பு முழுவதையும் படித்தார். "நான் விசாரித்திருந்தால் இவ்வளவு கொடுத்திருக்க மாட்டேன் சார்" என்றார். சொல்லலாம், செய்ய முடியாது. கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர எதையும் திருத்தக் கூடாது, அதிலும் மேல் கோர்ட் உறுதி செய்த தண்டனை. அதிகாரம் நாற்காலிக்குத்தான், உட்கார்ந்திருப்பவரின் அபிப்பிராயத்துக்கு அங்கே இடமில்லை. அது சரியான ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாறுதலுக்கும் தண்டனை மாறும்.

அன்று நேரம் போனது கையெழுத்தில் இல்லை, நாள் கணக்கில். தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த நாட்களைப் பிரிவு 428-ன்படி கழிக்க வேண்டும், இப்போது அது 468. அதுவும் இதே வழக்கில் இருந்த நாட்களாக இருக்க வேண்டும். தீர்ப்புக்கு அப்புறம் நிறுத்திவைப்பு உத்தரவு வந்து சேரும்வரை சில நாள் உள்ளே இருந்திருக்கிறார், அது ரிமாண்ட் கணக்கில் வராது, ஏற்கெனவே அனுபவித்த தண்டனை. இரண்டையும் தனித்தனியாக எழுதினோம். ஒன்று விட்டுப்போனால் ஆள் அத்தனை நாள் கூடுதலாக உள்ளே இருப்பார், ஏனென்றால் சிறையில் பேப்பரில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. பல தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பில் இருந்து வாரண்டில் விட்டுப்போனாலும் இதே கதிதான். எஸ்கார்ட் ஏட்டையா வாசலில் நின்று "இருட்டிடும் சார், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் கஷ்டம் அவருக்கு.

மரண தண்டனை வாரண்ட் செஷன்ஸ் நீதிபதி போடுவது, எங்கள் நடுவர் கோர்ட்டுக்கு வராது. ஆனால் அங்கேயும் அவசரம் ஆகாது: சட்ட வழிகள் மிச்சம் இருக்கும்போதே பிறப்பித்தார்கள் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வாரண்டை ரத்து செய்தது.

தண்டனை முடிந்ததும் எப்படி நிறைவேறியது என்று எழுதிச் சிறையிலிருந்து வாரண்டைக் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் போடுவதும் பெஞ்ச் கிளார்க் தலையில்தான்.