கல்லூரியின் பெயரும் கேள்வித்தாளும்

"மாமா, வில்லியம்ஸ் பெருசா, ஸ்வார்த்மோர் பெருசா?" என்று கேட்கிறாள் அக்கா மகள். பெரம்பூரில் பிளஸ் டூ படிக்கிறாள், இன்ஜினியரிங் வேண்டாம் என்று பத்தாவதிலேயே சொல்லிவிட்டவள். கணக்கும் பொருளாதாரமும் பிடிக்கும், கூடவே வரலாறும் படிக்கணும் என்கிறாள். அப்படிக் கலந்து படிக்க நம்ம பக்கம் வழி குறைவு என்பதால் அமெரிக்காவில் இருக்கும் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் மேல் கண் போயிருக்கிறது. வீட்டில் மற்ற எல்லோருக்கும் இருக்கிற கேள்வி ஒன்றுதான், எதுக்குப் பேர் அதிகம்? நான் சில வருஷம் கெஸ்ட் லெக்சரராக இருந்தவன், பேப்பர் திருத்தும் கேம்ப்பில் உட்கார்ந்து கட்டுக் கட்டாக விடைத்தாள் பார்த்தவன், எனக்கு அந்தக் கேள்வி மேல் பெரிய மரியாதை கிடையாது. பெயர் வேறு, படிப்பின் கடுமை வேறு. சில இடங்களில் இரண்டும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

முதலில் இவை எந்த மாதிரிக் கல்லூரிகள் என்று சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸில் 1793இல் தொடங்கிய வில்லியம்ஸில் மொத்தமே சுமார் 2,000 மாணவர்கள். நம்மூரில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியின் அளவுதான். முக்கியமாக இளங்கலைதான், பி.எச்டி மாணவர்கள் கிடையாது, அதனால் பாடம் நடத்துவதும் கட்டுரை திருத்துவதும் பேராசிரியரே. பெரிய பல்கலைக்கழகங்களில் முதல் வருஷ மாணவன் எழுதுவதைப் பல நேரம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர்தான் பார்ப்பார். ஆம்ஹெர்ஸ்ட், பொமோனா, கார்ல்டன், கிரின்னல் என்று இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. தண்டையார்பேட்டையில் நின்று ஹார்வர்டு என்றால் டீக்கடைக்காரருக்கும் தெரியும், ஸ்வார்த்மோர் என்றால் என்ன மாத்திரை அது, எதுக்குப் போடுறது என்று கேட்பார்கள்.

இவற்றுக்குள்ளேயே எது பெரிசு எது சிறிசு என்ற பெயர் எப்படி உண்டாகிறது? யூஎஸ் நியூஸ் பத்திரிகை 1983இல் தரவரிசை ஆரம்பித்தபோது செய்தது ஒரே வேலைதான். கல்லூரித் தலைவர்களிடமே எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டார்கள், வந்த பதிலைக் கூட்டிப் போட்டார்கள். பிறகு பட்டம் முடிப்போர் விகிதம், செலவு என்று நிறைய சேர்த்தார்கள், ஆனாலும் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் இன்றைக்கும் மற்ற கல்லூரிகளின் தலைவர்களும் டீன்களும் போடுவதுதான். அயோவாவில் உட்கார்ந்திருக்கும் டீனுக்கு மெய்ன் மாநிலத்தில் இருக்கும் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு வேதியியல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று எங்கே தெரியப்போகிறது? போன வருஷப் பட்டியலில் அது மேலே இருந்தது தெரியும், அதையே திருப்பி எழுதுவார். நம்ம மத்திய அரசு போடும் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப் மட்டும் என்ன, அதன் ஐந்து அளவுகோல்களில் ஒன்று வெளியாட்கள் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது.

வடசென்னைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்டர்வியூவில் காசிமேடு, வியாசர்பாடி என்று விலாசம் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் லேசாக மாறுவதைப் பார்க்காத பையன் இந்தப் பக்கம் இருக்க மாட்டான். அவர் ஒரு நாளும் சென்ட்ரலைத் தாண்டி வடக்கே வந்திருக்க மாட்டார், சினிமாவில் பார்த்திருப்பார், ஆனாலும் நமக்கு என்ன மார்க் என்று அவரிடம் தயாராக இருக்கும். அந்த 20 சதவீதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

இந்த ஆட்டத்துக்கே நான் வரலை என்று சொன்ன கல்லூரி ஒன்று உண்டு. ஆரெகன் மாநிலம் போர்ட்லாந்தில் இருக்கும் ரீட். 1995இல் யூஎஸ் நியூஸுக்குத் தகவல் தருவதையே நிறுத்திவிட்டது. பத்திரிகை விடவில்லை, கையில் கிடைத்ததை வைத்து அதையும் பட்டியலில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் 1972இல் சேர்ந்து ஒரே செமஸ்டரில் விட்டுவிட்டுப் போன கல்லூரி என்று சொன்னால் நம்ம ஆட்களுக்குப் புரியும், ஆனால் படித்து முடித்துவிட்டு வெளியே போகிறவர்கள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம். மூன்றாம் ஆண்டில் துறைத் தகுதித் தேர்வு. நான்காம் ஆண்டு முழுக்க ஓர் ஆய்வேடு, எந்தத் துறையாக இருந்தாலும் விலக்கு கிடையாது, அப்புறம் ஆசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு. வளாகத்தில் ஓர் அணு உலை 1968இலிருந்து ஓடுகிறது, அதை லைசென்ஸ் வாங்கி இயக்குபவர்கள் இளங்கலை மாணவர்கள்! இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது, கட்டுரையைத் திருத்தித் தரும்போது அதில் மார்க் இருக்காது, ஆசிரியரின் குறிப்புகள்தான் இருக்கும். மார்க் என்று ஒன்று உண்டு, வேண்டுமானால் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ரொம்ப மோசமாகப் போனால் அவர்களே சொல்லிவிடுவார்கள். "அப்ப பாஸா பெயிலான்னு பெத்தவங்க எப்படிடா தெரிஞ்சுக்கறது?" என்றாள் அக்கா.

சரி, கடுமை என்றால் எதைப் பார்ப்பது? கேள்வித்தாளை யார் எடுக்கிறார், யார் திருத்துகிறார், மாணவி எழுதியதற்கு என்ன பதில் வருகிறது, நான் பார்ப்பது இவ்வளவுதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து அமைந்தது. கல்லூரி பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும். சொல்லிக்கொடுத்தவரே கேள்வி எடுத்து அவரே மார்க் போட்டால் வேண்டியவன் வேண்டாதவன் பார்ப்பார் என்ற பயத்துக்கு அது ஒரு பதில், தப்பென்று சொல்ல முடியாது. நடைமுறையில் என்ன ஆனது? இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. எங்கேயோ இருக்கும் ஒருவர் எடுக்கும் கேள்வித்தாள் எத்தனையோ கல்லூரிக்குப் பொருந்த வேண்டும், அதனால் சிலபஸை விட்டு இம்மியும் நகராது, அதனால் பழைய கேள்வித்தாள்களைப் புரட்டினாலே போதும் என்று ஆகிவிடும், அதனால் கைடு விற்கும். ஆசிரியர் "இது இம்பார்ட்டன்ட், ஸ்டார் போட்டுக்கோ" என்பார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அறுபது பேர் அரியர் இல்லாமல் பாஸாக வேண்டும். கேம்ப்பில் ஒரு விடைத்தாளுக்குக் கிடைப்பது சில நிமிஷம். சொந்தமாக யோசித்து எழுதிய பெண்ணை விட கைடை ஒப்பித்த பையனுக்கு மார்க் கூட விழுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் விடைக்குறிப்பில் இருக்கும் பாயின்ட் வரி மாறாமல் அவனிடம்தான் இருக்கும். அந்தப் பெண் எழுதியதற்கு யாரும் எந்தப் பதிலும் சொல்லப் போவதில்லை. ஒரு நம்பர் வரும், அவ்வளவுதான்.

இப்போது ஸ்வார்த்மோர். பிலடெல்பியா பக்கத்தில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் 1864இல் தொடங்கியது. ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்த ஃபிராங்க் எய்டலாட் என்பவர் தலைவராக இருந்தபோது 1922இல் அங்கே ஹானர்ஸ் திட்டம் ஆரம்பித்தது. கடைசி இரண்டு வருஷத்தில் சின்னச் சின்ன செமினார், ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் ஆட்கள். ஒவ்வொருவரும் எழுதிக் கொண்டுவர வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். முடிவில் தேர்வு வைப்பவர் அவர்களுடைய ஆசிரியர் இல்லை, வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் அந்தத் துறைக்காரர். எழுத்துத் தேர்வு முடிந்ததும் அவரோடு நேருக்கு நேர் வாய்மொழித் தேர்வு. ஹானர்ஸா, ஹை ஹானர்ஸா, ஹையஸ்ட் ஹானர்ஸா என்பதும் அந்த வெளியாட்கள் கையில்.

கவனியுங்கள், இதுவும் எக்ஸ்டர்னல்தான். இதுவும் இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொண்ட யோசனைதான். பாடம் நடத்துபவரையும் தேர்வு வைப்பவரையும் பிரித்தது நாமும் செய்தோம், அவர்களும் செய்தார்கள். நம்மிடம் அது கைடில் போய் முடிந்தது, அங்கே நேர் எதிராகப் போனது, காரணம் ஆள் எண்ணிக்கையும் அந்த வாய்மொழியும்தான் என்று நினைக்கிறேன். பாக்ஸிங் ரிங்கில் கோச் நம்ம மூலையில் நிற்பார், மார்க் போடுபவர் வெளியாள், அந்த ஏற்பாடு. வெளியாள் ஒருவர் எதிரே உட்கார்ந்து "நீ எழுதினதுல இந்த இடம் இடிக்குதே, ஏன்?" என்று கேட்டால் மனப்பாடம் ரெண்டு நிமிஷம் தாங்காது. ஹானர்ஸ் கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள்தான் எடுக்கிறார்கள், ஆனால் அந்தச் சூடு கல்லூரி முழுக்கப் பரவியிருக்கும்போல. 'வேற எங்கேயாவது இருந்தா இது ஏ கிரேடு' என்று அர்த்தம் வருகிற டி-சர்ட் அந்த ஊரில் ரொம்பப் பிரபலம்.

வில்லியம்ஸ் பல வருஷமாக யூஎஸ் நியூஸ் பட்டியலில் முதலிடம். ஆனால் நான் அதை மதிப்பது அங்கே இருக்கும் டுடோரியல் வகுப்புக்காக. இரண்டு மாணவர், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுத வேண்டும், இன்னொருவர் அதை அலசிக் குறை சொல்ல வேண்டும், அடுத்த வாரம் மாறும். கடைசி பெஞ்ச் என்று ஒன்றே கிடையாது, தப்பிக்க இடமில்லை. ஆம்ஹெர்ஸ்ட்டில் முதல் வருஷ செமினாரும் எடுக்கும் துறையின் நிபந்தனைகளும் தவிர இதைப் படி அதைப் படி என்று கட்டாயம் இல்லை. அனாபொலிஸிலும் சான்டா ஃபேயிலும் இருக்கும் செயின்ட் ஜான்ஸில் கிட்டத்தட்ட எல்லாமே கட்டாயம், துறை என்பதே கிடையாது, யூக்ளிடிலிருந்து ஆரம்பித்து எல்லோரும் ஒரே வரிசையில் மூலநூல்களையே படிக்க வேண்டும். இரண்டுமே கடுமையான கல்லூரிகள் என்றுதான் பேர். எனவே பாடத்திட்டத்தின் வடிவத்தைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது.

கடுமையாக இருந்தால் கல்லூரிக்கே நஷ்டம் வரும் என்பதற்கு வெல்ஸ்லி உதாரணம். பெண்கள் கல்லூரி, பெரிய பெயர். மார்க் வாரி இறைக்கிறோம் என்று அவர்களுக்கே தோன்றி, 2004இல் ஒரு விதி போட்டார்கள். தொடக்க, இடைநிலைப் பாடங்களில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் வகுப்பின் சராசரி பி பிளஸ்ஸைத் தாண்டக் கூடாது. அங்கே இருக்கும் பொருளாதாரப் பேராசிரியர்களே பிறகு ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். விதியால் மார்க் குறைந்த துறைகளில் சேரும் மாணவிகள் குறைந்தார்கள், ஆசிரியர்களுக்கு மாணவிகள் தரும் மதிப்பீடும் குறைந்தது. விதியைப் பின்னாளில் கைவிட்டார்கள். எந்தப் பட்டியலிலும் இதற்காக ஒரு மார்க் கூட யாரும் போடவில்லை.

பெயரைத் தாண்டிப் பார்க்க உருப்படியான கணக்கு ஒன்று உண்டென்றால், இளங்கலை எங்கே படித்தவர்கள் பிறகு பி.எச்டி முடிக்கிறார்கள் என்று அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை சேர்க்கும் புள்ளிவிவரம். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப வகுத்துப் பார்த்தால் ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், கிரின்னல், ஹார்வி மட் எல்லாம் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களைத் தாண்டி மேலே நிற்கும். கிரின்னல் அயோவாவில் சோளக்காட்டு நடுவே இருக்கிறது, இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் படித்த இடம். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. பி.எச்டி ஆசை உள்ளவர்களே அங்கே போய்ச் சேர்ந்தால் கல்லூரி என்ன செய்தது, வந்தவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்று பிரிக்க முடியாது.

நம்மூரில் இதெல்லாம் இல்லவே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. நுங்கம்பாக்கத்தில் 1915இல் தொடங்கிய பெண்கள் கிறித்தவக் கல்லூரிக்கு மாசசூசெட்ஸின் மவுண்ட் ஹோலியோக் சகோதரிக் கல்லூரி. மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் ஓஹியோவின் ஓபர்லினுக்கும் பழைய உறவு, அங்கே பட்டம் முடித்தவர்கள் இங்கே வந்து பாடம் நடத்திய காலம் உண்டு. 1978இல் தன்னாட்சி வந்தபோது கேள்வித்தாளைத் தாங்களே எடுக்கும் சுதந்திரம் லயோலா மாதிரிக் கல்லூரிகளுக்குக் கிடைத்தது. அந்தச் சுதந்திரத்தை எந்தத் துறை எப்படிப் பயன்படுத்தியது என்று துறை துறையாகத்தான் கேட்க வேண்டும், கல்லூரிப் பெயர் உதவாது. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி மாதிரி இடத்தில் கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, வீட்டில் முதல் பட்டதாரியாகும் பெண்கள் எத்தனையோ பேர் அங்கிருந்து வந்தவர்கள். அந்தக் கல்லூரிக்கு மார்க் போட அயோவா டீன் இல்லை, நம்ம அண்ணா நகர் சொந்தக்காரரே போதும்.

இந்த மாதிரிப் படிப்பு இப்போது பக்கத்திலும் வந்துவிட்டது. ஹரியானாவின் சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகம் 2014இலிருந்து இருக்கிறது. ஸ்ரீசிட்டியில் இருக்கும் கிரியா பல்கலைக்கழகம் ஆந்திர எல்லைக்குள், ஆனால் நம்ம கும்மிடிப்பூண்டி தாண்டினால் தடா என்ற ஊர், அதன் பக்கத்தில்தான். ஓஎம்ஆர் கல்லூரிகளுக்குப் பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும் பெரம்பூர் பிள்ளைகளுக்கு அது ஒரு தூரமே இல்லை. கட்டணம்தான் தூரம்.

பணம் என்று வந்தால் அமெரிக்கக் கல்லூரிகளில் வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது, துறைமுகத்தில் வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். ஆம்ஹெர்ஸ்ட், போடின் மாதிரி வெகு சில கல்லூரிகள்தான் வெளிநாட்டு மாணவரைக்கூடப் பண வசதி பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. மற்ற இடங்களில் பெரும்பாலும் நீங்கள் எவ்வளவு உதவி கேட்கிறீர்கள் என்பதும் தேர்வில் ஒரு கணக்கு. அதனால் என் வரிசை இப்படி இருக்கிறது: முதலில் ஆம்ஹெர்ஸ்ட், உதவிக்காக. அப்புறம் ஸ்வார்த்மோர், கிரின்னல். ரீட் எனக்குத்தான் பிடித்திருக்கிறது, அவளுக்கு அந்த ஆய்வேடு விஷயம் கொஞ்சம் உதறல், போகட்டும். கிரியாவுக்கும் நுங்கம்பாக்கம் பெண்கள் கிறித்தவக் கல்லூரிக்கும் விண்ணப்பம் கட்டாயம் போடணும்.

அவள் ஒவ்வொரு பொருளாதாரத் துறைக்கும் மெயில் எழுதப் போகிறாள், இரண்டாம் ஆண்டில் ஒரு செமஸ்டருக்கு எத்தனை பக்கம் எழுத வைக்கிறீர்கள், யார் படித்துப் பதில் எழுதுவார் என்று கேட்டு. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கெடு பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம். வருமான விவரத்துக்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்று தனியாக ஒரு படிவம் வேறு நிரப்ப வேண்டும், அதற்கு அவள் அப்பாவின் சம்பள வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.