சில்வர் பீச் உப்பும் முதல் செமஸ்டர் வேதியியலும்

பிளஸ் டூ வரை கடலூரில் தமிழ் வழியில் படித்தேன். வேதியியலில் நல்ல மார்க். அந்தத் தெம்பில் பாண்டிச்சேரியில் பி.எஸ்சி. சேர்ந்து, முதல் இன்டர்னலில் 25-க்கு 7 வாங்கினேன். ஆங்கிலம்தான் காரணம் என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தால், வாக்கியமாக எழுதிய பதில்களுக்கு ஓரளவு மார்க் விழுந்திருந்தது. போனதெல்லாம் கணக்கில். மோல் என்றால் என்னவென்றே தெரியாமல், இரண்டு வருஷம் சூத்திரத்தை வைத்தே ஓட்டியிருக்கிறேன்.

அதனால் முதல் செமஸ்டரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: மோல் பிடிபடாமல் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். அது வெறும் எண்ணிக்கை. டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022 × 10²³. ஒரு நாணயத்தின் எடை தெரிந்தால், மூட்டையை எடைபோட்டே எத்தனை காசு என்று சொல்லிவிடலாம் இல்லையா? அணுக்களுக்கும் அதே கதைதான்.

எனக்கு இது உறைத்தது கடலூர் கடற்கரையான சில்வர் பீச்சில். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அத்தனையும் சோடியம் குளோரைடு என்றே வைத்துக்கொள்வோம் (உண்மையில் மெக்னீசியம், சல்ஃபேட் எல்லாம் கலந்திருக்கும்). ஒரு மோல் சோடியம் குளோரைடின் எடை 58.5 கிராம். 35-ஐ 58.5-ஆல் வகுத்தால் சுமார் 0.6 மோல். அப்படியென்றால் எதிரில் அலையடிப்பது சுமார் 0.6 மோலார் (லிட்டருக்கு 0.6 மோல்) கரைசல்! சுண்டல் பொட்டலத் தாளில் போட்ட அந்தக் கணக்குக்குப் பிறகு மோலாரிட்டி எனக்கு மறக்கவே இல்லை. இன்னொன்று, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதி, அலகோடு சேர்த்தே அடித்து வாருங்கள். மில்லிலிட்டரை லிட்டராக்க மறந்தால் விடை 1000 மடங்கு தவறிவிடும். என் 7 மார்க்குக்கு அதுவும் ஒரு காரணம்.

லேபில் என்னை மிரட்டியது பர்மாங்கனேட் தரம்பார்த்தல், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது. சூடான ஆக்ஸாலிக் அமிலத்தில் முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு அப்படியே நின்றது. முடிவுநிலை (வினை முடிந்து நிறம் நிலைக்கும் கட்டம்) வந்துவிட்டது என்று 0.2 மில்லியை ரீடிங்காக எழுதிவிட்டேன். பக்கத்து மேசைப் பையன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வினை மெதுவாகத்தான் தொடங்கும். மாங்கனீஸ் அயனி கொஞ்சம் உருவானதும் அதுவே வினையூக்கியாகி வேகப்படுத்தும், பிறகு சொட்டுகள் சட்டென்று நிறமிழக்கும். 60, 70 டிகிரி வரை சூடாக்கச் சொல்வதும் இந்த மந்தத்தனத்துக்காகத்தான். நீர்த்த கந்தக அமிலம் போதாவிட்டால் கரைசல் பழுப்பாகிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள்: பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், ரீடிங் கூடிப்போகும். அடர்நிறக் கரைசல் என்பதால் பியூரெட்டில் (சொட்டுவிடும் அளவுக் குழாயில்) கரைசலின் மேல் விளிம்பைப் பார்த்து ரீடிங் எடுங்கள். கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதாதீர்கள்.

ரீடிங்கை இட்டுக்கட்டி எழுத வழி சொல்லும் சீனியர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. தெரியாத உப்பு, தெரியாத செறிவு வரும்போது அவர்கள் கூட வரமாட்டார்கள்.

எலக்ட்ரான் அமைப்பில் குரோமியம், காப்பர் இரண்டும் விதிவிலக்கு, தனியாகக் கவனியுங்கள். முதல் 36 தனிமங்களில் மற்றது முறைப்படி வந்துவிடும். பஸ்ஸில் வேலன்சி, அயனிப் பெயர்கள் படிக்கலாம். கணக்கு மட்டும் பஸ்ஸில் ஆகாது, அதற்குப் பேனாவும் மேசையும் வேண்டும்.

அப்புறம் ஆங்கிலம். ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து செறிவு – கான்சென்ட்ரேஷன், இணைதிறன் – வேலன்சி என்று எழுதி வந்தேன். ஒரு மாதத்தில் பயம் போய்விட்டது. முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலப் புத்தகத்தைத் திறப்பேன். அதற்காகவாவது பிளஸ் ஒன் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நான் போட்டுவிட்டு, எதிர்வீட்டுத் தம்பியிடம் இரவல் கேட்டு நின்றேன்.