ரெண்டு மனசா இருக்கு

குடியை நிறுத்த ஆலோசனைக்கு வருகிறவர் பாளையங்கோட்டைக்காரரோ அம்பாசமுத்திரத்துக்காரரோ, முதல் கால் மணி நேரத்துக்குள் இதைச் சொல்லிவிடுவார்: "விட்டிரணும்னும் இருக்கு, விடவும் மனசு வரல. ரெண்டு மனசா இருக்கு சார்." கேஸ் ஷீட்டில் அதை என்ன சொல்லால் எழுதுகிறோம் என்பதில் பாதி வேலை இருக்கிறது.

பலர் 'குழப்பம்' என்று எழுதுகிறார்கள். தவறு. குழம்பியவருக்கு விளக்கினால் தெளிந்துவிடுவார். இவருக்கு ஈரல் கெடும் என்பதும் தெரியும், சாயங்காலம் கூட்டாளிகள் எங்கே காத்திருப்பார்கள் என்பதும் தெரியும். 'தயக்கம்' கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் தயக்கத்தில் ஆசை ஒன்றுதான், கால்தான் பின்வாங்கும். 'மதில்மேல் பூனை' வெளியே நின்று பார்ப்பவர் பேச்சு.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஓய்கன் பிளாய்லர் 1910-ஐ ஒட்டி 'ஆம்பிவேலன்ஸ்' என்ற சொல்லை உண்டாக்கியபோது, லத்தீனில் 'இருபுறமும்', 'வலிமை' என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்தார். இழுப்பு இரு பக்கமும், ஒரே நேரத்தில், முழு பலத்தோடு. நற்றிணை 284-இல் தலைவன் நிலை இதுதான். நெஞ்சு வீட்டுக்குத் திரும்பு என்கிறது, அறிவு எடுத்த வேலையை முடி என்கிறது. நடுவில் உடம்பு, இரண்டு களிறுகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு. அந்த உவமையாலேயே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர். ஒரு களிற்றைச் சின்னதாக்கிவிட்டால் பொருள் போய்விடும். எழுத்துக்கு 'இருமனம்' போதும். பேச்சுக்கு அவர் சொன்ன 'ரெண்டு மனசு'தான் சரி.

"பிள்ளைகளப் பாத்தாவது விட்டிருங்க அண்ணாச்சி" என்று நாம் ஒரு பக்கம் பிடித்து இழுத்தால், அவர் மறுபக்கத்துக்கு வக்கீலாகிவிடுவார்: "நான் என்ன தினமுமா குடிக்கேன்?" தன் வாயால் சொன்ன வாதத்தில் அவருக்கே பிடிப்பு கூடிவிடும். அப்புறம் ஷீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று ஏறும். அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது 'ஆனா' ஆகாது. "விடணும்னு நினைக்கீங்க, ஆனா கூட்டாளிகள விட முடியல" என்றதும் முன்பாதி அழிந்துபோகிறது. 'உம்' போட வேண்டும், விட நினைக்கும் பக்கம் கடைசியில் நிற்க வேண்டும்: "கூட்டாளிகளோட இருக்கதும் பிடிச்சிருக்கு, காலையில கை நடுங்கும்போது போதும்னும் தோணுது." கடைசியில் காதில் விழுந்ததைப் பிடித்துத்தான் அநேகமாக அவர் தொடர்வார். (கை நடுக்கம் என்று சொன்னால் முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.)

விடுவது எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை கேட்கும்போதும் இப்படித்தான். அவர் 4 என்றால் "ஏன் 8 இல்ல?" என்று கேட்கக் கூடாது; விடமுடியாத காரணங்களாகவே வந்து விழும். "2 சொல்லாம 4 சொல்லுதீங்களே, எதனால?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். வருகிற பதிலை அவர் சொல்லிலேயே, தேதி போட்டு எழுதிவைத்தால், அடுத்த தடவை அந்த வரியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.