புகையான் பெருக்கத்தில் ஆண் பூச்சியின் பங்கு

நெல் தண்டின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானைப் பற்றிப் பேசும்போது பேச்செல்லாம் பெண் பூச்சியைச் சுற்றியே போகிறது. முட்டையிடுவது அதுதானே. ஆனால் அது எவ்வளவு முட்டையிடும், இன்னொரு ஆணை ஏற்குமா என்பதில் ஆண் தன் விந்துநீரோடு அனுப்பும் புரதங்களுக்கும் கை இருக்கிறது. அந்தப் புரதத்தின் அளவைச் சில பூச்சிக்கொல்லிகள் கூட்டிவிடுகின்றன என்பதுதான் விவசாயிக்கு முக்கியமான செய்தி. இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று இளம்பயிரில் அடித்த மருந்துக்குப் பிறகு, பயிர் தூர்கட்டி முடியும் நேரத்தில் புகையான் கொள்ளையாக வருவது பலரும் கண்டது. புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் அந்த மருந்தில் செத்துப்போனது அதற்குப் பெரிய காரணம். அது மட்டுமே காரணம் என்று நிறுத்திக்கொள்வது போதாது.

ஆண் புகையானின் வயிற்றில் விந்தகங்களோடு ஒரு ஜோடி துணைச்சுரப்பிகள் உண்டு. விந்தணு உருவாவது விந்தகத்தில். விந்துநீரின் புரதங்களையும், பெப்டைடு எனப்படும் குட்டிப் புரதத் துண்டுகளையும் பெரும்பாலும் தயாரிப்பது துணைச்சுரப்பி. பெண் தன் வயிற்றை அதிரவைத்து நெல் தண்டின் வழியே அழைப்பு அனுப்ப, ஆண் அதே தண்டில் அதிர்வால் பதில் சொல்லி வந்து சேரும். இணைந்து பிரிந்த பிறகு பெண்ணின் போக்கே மாறிவிடுகிறது. அடுத்து வரும் ஆணைத் தட்டிக் கழிக்கும். முட்டைகள் சூலகத்திலிருந்து வேகமாக இறங்கும்.

பழ ஈக்களில் ஒருவகையான டிரோசோஃபிலாவில் இந்த மாற்றத்தைச் செய்வது 36 அமினோ அமிலங்கள் கொண்ட பாலினப் பெப்டைடு (sex peptide). 1988-இல் அடையாளம் காணப்பட்டது. எல்லாப் பூச்சியிலும் அதே பெப்டைடுதான் வேலை செய்கிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. விந்துநீர்ப் புரதங்கள் இனத்துக்கு இனம் மிக வேகமாக மாறுபவை. புகையானில் ஆணிடமிருந்து போகும் பெப்டைடுகளில் ஒன்றுக்கு மாக்சஸின் என்று பெயர். அது பெண்ணின் இணக்கத்தைக் குறைக்கிறது. ஆனால் தனியாக நின்று அதைச் செய்வதில்லை. பெண்ணின் உடலிலேயே கொராசோனின் என்ற நரம்புப் பெப்டைடு இருக்கிறது. அது வந்து பொருந்திச் செயல்படும் ஏற்பி பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் நிறைய உண்டு. அந்த ஏற்பியை முடக்கிவிட்டால் ஆண் கொடுத்த மாக்சஸின் பலிப்பதில்லை. ஆணின் துணைச்சுரப்பியில் கொராசோனின் உற்பத்தியாவதே இல்லை. அதாவது ஆண் அனுப்புவது ஒரு தூண்டுதல். அதைச் செயலாக மாற்றும் ஏற்பாடு பெண்ணுடையது.

இனி மருந்துக்கு வருவோம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்லையாவும் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஹைன்ரிக்ஸும் சில மருந்துகளுக்குப் பிறகு புகையான் மறுபெருக்கம் காண்பது ஏன் என்று 1980-லேயே எழுதினார்கள். மெத்தில் பாரத்தியான், டெல்டாமெத்ரின் போன்றவை பட்டுப் பிழைத்த பூச்சி அதிகம் உறிஞ்சியது, அதிகம் இனம் பெருக்கியது. அப்போது கவனம் பெண் மேலும் பயிர் மேலும் இருந்தது. 2010-இல் சீனாவின் யாங்சோ பல்கலைக்கழகக் குழு ஆணைத் தனியே எடுத்துப் பார்த்தது. டிரையசோபாஸ், டெல்டாமெத்ரின் பட்ட ஆண்களின் துணைச்சுரப்பியில் புரதம் கூடியிருந்தது. அவற்றோடு இணைந்த பெண்கள் இட்ட முட்டைகளும் கூடின. டிரையசோபாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. டெல்டாமெத்ரின் சேர்ந்த பைரித்ராய்டு வகை மருந்துகள் கடையில் இன்னும் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

இதை ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்க விரும்பும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எங்கே தொடங்குவது என்பது. புகையானுக்கு எளிதில் ஆட்படும் டி.என்.1 நெல் ரக நாற்றில் வளர்த்த பூச்சியை எடுங்கள். மூன்றாம் பருவ இளம்பூச்சிகளுக்கு, சாகடிக்காத குறைந்த அளவு மருந்துக் கரைசலில் 30 விநாடி முக்கி நிழலில் உலர்த்திய நெல் தண்டைக் கொடுக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தண்டை வெறும் நீரில் முக்கினால் தவறு. மருந்தைக் கரைக்கப் பயன்படுத்திய கரைப்பான் சேர்த்த நீரே வேண்டும். ஐந்தாம் பருவத்தில் ஒவ்வொன்றையும் தனிக் குழாயில் ஒரு நாற்றோடு அடைத்துவிடுங்கள். இந்தப் படியில் சோம்பினால் எல்லாம் வீண். இறகு முளைத்து ஓரிரு நாள் ஒன்றாக இருந்த பூச்சிகளில் எது இணைந்தது, எது இணையாதது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இணைந்த ஆணின் சுரப்பி காலியாகியிருக்கும், உங்கள் அளவீடு தாழ்ந்து நிற்கும்.

ஒரே வயதுடைய ஆண்களையே ஒப்பிட வேண்டும். நீள இறகு ஆணையும் குட்டை இறகு ஆணையும் கலக்கக் கூடாது. பனிக்கட்டி மேல் வைத்த குளிர்ந்த உப்புக்கரைசலில் வயிற்றின் நுனியை மெல்ல இழுத்தால் உறுப்புகள் ஒன்றாக வெளியே வரும். சுரப்பியில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் திசுவைக் கழுவி நீக்காவிட்டால் அதன் புரதமும் கணக்கில் ஏறிவிடும். மருந்தே காட்டாத உயர்வை அழுக்கு காட்டும். ஒரு சுரப்பியில் கிடைப்பது மிகச் சொற்பம் என்பதால் பல ஆண்களின் சுரப்பிகளை ஒரே குழாயில் சேர்த்து அரைத்து, புரதத்தோடு சேர்ந்தால் நிறம் மாறும் கூமாசி நீலச் சாயத்தோடு 595 நானோமீட்டர் ஒளி அலைநீளத்தில் அளக்கலாம்.

புரதம் கூடியது என்பதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். மருந்து பட்ட ஆண், படாத ஆண், மருந்து பட்ட பெண், படாத பெண் என்று இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து நான்கு வகை ஜோடியும் அமைக்க வேண்டும். பட்ட ஆணும் படாத பெண்ணும் சேர்ந்த ஜோடியில் முட்டை கூடினால்தான் அது ஆண் வழி வந்த விளைவு. இலையுறையை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் கீறினால் வாழைச் சீப்புப் போல வரிசையாக முட்டைகள் தெரியும். பொரிக்கும் காலம் நெருங்கியவற்றில் இரண்டு சிவப்புக் கண்புள்ளிகள் இருக்கும். புள்ளியே வராதவற்றைக் கருவுறாதவை என்று தனியே எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் போட்டால் விந்தணுக் குறைவும் புரத விளைவும் ஒன்றில் ஒன்று ஒளிந்துகொள்ளும்.

ஆணின் புரதத்தையே முடக்கிப் புகையானை ஒழிக்கலாமே என்ற யோசனை அவ்வப்போது வருகிறது. அதில் ஒரு சிக்கல்: மாக்சஸின் போன்ற புரதம் கிடைக்காத பெண் அடுத்த ஆணை மறுக்காது. பக்கத்து வயலிலிருந்து பறந்துவரும் நல்ல ஆண் அந்த வேலையை முடித்துவிடும்.

வயலில் செய்யக்கூடியது வேறு. நடும்போதே 8 அடிக்கு 1 அடி இடைவெளி (பட்டம்) விடுங்கள், காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரை போகட்டும். யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். இலைச்சுருட்டுப் புழுவின் சேதம் கொஞ்சம் தெரிந்ததுமே சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டை எடுக்காதீர்கள். இளம்பயிர் அந்த இலை இழப்பைத் தாங்கும். குத்துகளைச் சாய்த்துத் தட்டி நீரில் விழுவதை எண்ணுங்கள். தூருக்கு, அதாவது குத்தின் ஒரு கிளைத்தண்டுக்கு, ஒரு புகையான் என்பது பொருளாதாரச் சேத நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

அதைத் தாண்டினால் தண்ணீரை வடித்துவிட்டு ஏக்கருக்குப் பைமெட்ரோசின் 50 சத நீரில் கரையும் குருணை 120 கிராம், அல்லது டிரைஃப்ளூமெசோபைரிம் 10 சதக் கரைசல் 94 மில்லி. 200 லிட்டர் நீரில் கலந்து, தெளிப்பானின் முனையைத் தாழ்த்தி அடித்தூரில் படும்படி அடிக்க வேண்டும். இலை நுனியில் படும் மருந்து புகையானைத் தொடாது. பைமெட்ரோசின் பட்ட பூச்சி உடனே சாகாது. உறிஞ்சுவதை நிறுத்திப் பட்டினியில் சில நாளில் சாகும். மறுநாள் காலை உயிரோடு பார்த்ததும் கடைக்காரர் கொடுக்கும் பைரித்ராய்டை மேலே அடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. நான்கைந்து நாள் கழித்து அதே குத்துகளை மறுபடி தட்டி எண்ணிய பிறகே அடுத்த மருந்து வேண்டுமா என்று முடிவெடுங்கள்.